பி.எஸ்சி. கையில் இருக்கு... தொழில் கையில் இல்லை! கரிசல் சீமை அறிவியல் மாணவர்கள் தவிப்பு

கோவில்பட்டி,

கோவில்பட்டி பஸ் நிலையத்தில் காலை நேரத்தில் நின்றால் 2 விதமான கூட்டத்தை பார்க்கலாம். ஒரு கூட்டம் தூக்குச்சட்டியோடு தீப்பெட்டி ஆபீசுக்கு போகும். இன்னொரு கூட்டம் பையை தோளில் மாட்டிக்கொண்டு கல்லூரிக்கு போகும். பல வீடுகளில் இந்த 2 பேரும் தாயும் மகளும்தான்.

மகள் படிப்பது பி.எஸ்சி. வேதியியல். தாய் வேலை பார்க்கும் இடத்தில் நடப்பதும் வேதியியல்தான். பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை, கண்ணாடித்தூள் எல்லாம் சேர்ந்ததுதான் குச்சியின் தலையில் இருக்கும் மருந்து. பெட்டியின் பக்கவாட்டில் தடவுவது சிவப்பு பாஸ்பரஸ். இவை எல்லாம் மகளின் பாடப்புத்தகத்திலும் இருக்கின்றன.

ஆனால் 3 வருஷம் முடித்து பட்டம் வாங்கி வரும் பெண்ணில் எத்தனை பேருக்கு ஒரு மூட்டை குளோரேட்டை சோதித்து, "இது சுத்தமான சரக்கு, இது கலப்படம்" என்று எழுதிக் கையெழுத்து போட தெரியும்? அந்த இடத்தில்தான் கதை நின்று போகிறது. பட்டம் வாங்கிய மகளும் கடைசியில் பண்டல் போடும் வேலைக்கே போனால், 3 வருஷம் ஆபீசில் குனிந்து உட்கார்ந்து சம்பாதித்து கட்டிய பீசுக்கு என்ன பதில் என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

சென்னையில் இருந்து வந்த பயிற்சி

பாடத்திட்டத்துக்கு மேல் மாணவர்களுக்கு தொழில் திறன் வேண்டும் என்பது புதிய பேச்சு இல்லை. பல்கலைக்கழக மானியக்குழு 1994-95-லேயே பட்டப்படிப்போடு தொழில் பாடத்தை சேர்க்கும் திட்டத்தை கொண்டு வந்தது. பிறகு 'கூடுதல் சான்றிதழ் படிப்பு' என்று வந்தது. பேர் மாறியது, சான்றிதழின் கலர் மாறியது. லேபில் பெரிசாக எதுவும் மாறவில்லை.

தமிழ்நாட்டில் பெரிய அளவில் வந்தது 'நான் முதல்வன்' திட்டம். முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் 2022-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி இதை தொடங்கி வைத்தார். ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்களுக்கு பயிற்சி என்பது இலக்காக வைக்கப்பட்டது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டு கழகம் இதை நடத்தியது. கலை, அறிவியல் கல்லூரிகளில் பயிற்சியை பருவத்தேர்வோடு இணைத்து அதற்கு தனி மதிப்பெண்ணும் கொடுத்தார்கள்.

என்ன பயிற்சி? முதலில் வந்தவை கேம்பிரிட்ஜ் ஆங்கிலப் பயிற்சி, மைக்ரோசாப்ட் ஆபீஸ் பயிற்சி. பிறகு வங்கி, இன்சூரன்ஸ், டேட்டா அலசல் என்று பட்டியல் நீண்டது.

இதை சும்மா என்று ஒதுக்க முடியாது. விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம் பக்கத்து கிராமத்தில் இருந்து தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைக்கு இன்டர்வியூவில் 4 வார்த்தை இங்கிலீசில் பேச வந்தாலே பாதி பயம் போய்விடும். எக்செல் தெரியாமல் இன்றைக்கு மளிகைக்கடை மொத்த வியாபாரத்தில் கூட கணக்கு எழுத முடியாது.

ஆனால் ஒன்றை கவனிக்க வேண்டும். இந்த பயிற்சி வரலாறு படிக்கும் மாணவனுக்கும் அதுதான், வேதியியல் படிக்கும் மாணவிக்கும் அதுதான். அறிவியல் படித்ததால் மட்டும் கிடைக்கிற வேலைக்கு இது தயார் செய்யாது. அப்படிப்பட்ட வேலை எங்கே இருக்கிறது என்று தேடினால், சென்னையிலோ பெங்களூரிலோ இல்லை. கோவில்பட்டி மெயின் ரோட்டிலேயே இருக்கிறது.

கடலை மிட்டாய் கேட்கும் பட்டதாரி

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே கொண்டாடியது. அதோடு சேர்ந்து வந்த பொறுப்பை அதிகம் பேர் பேசவில்லை.

உணவு பாதுகாப்பு சட்டத்தின் 2011-ம் ஆண்டு லைசென்ஸ் விதிமுறையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. லைசென்ஸ் வாங்கும் உணவு தயாரிப்பு நிறுவனம், தயாரிப்பை மேற்பார்வை பார்க்க குறைந்தது ஒரு தொழில்நுட்ப ஆளை வேலைக்கு வைக்க வேண்டும். அந்த ஆள் வேதியியல், உயிர் வேதியியல், ஊட்டச்சத்து, நுண்ணுயிரியல் இவற்றில் ஒன்றை எடுத்து படித்த அறிவியல் பட்டதாரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவு தொழில்நுட்பத்தில் டிகிரியோ டிப்ளமோவோ வேண்டும். 6 மாதத்துக்கு ஒரு முறையாவது பொருளை பரிசோதனை செய்ய வேண்டும் என்பதும் அதே நிபந்தனைகளில் வருகிறது. வீட்டோடு தொழில் செய்யும் சின்ன ஆட்கள் பதிவு மட்டும் செய்தால் போதும். கொஞ்சம் பெரிசாக வளர்ந்து லைசென்சுக்கு போனால் இது கட்டாயம்.

அதாவது நம்ம ஊர் பி.எஸ்சி. பிள்ளைக்கு சட்டமே ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது.

நிலக்கடலையில் பெரிய சிக்கல் பூஞ்சை. காயப்போட்டது சரியில்லாமல் ஈரப்பதம் நின்று விட்டால் ஒரு வகை பூஞ்சை பிடிக்கும். அது விடும் விஷத்துக்கு அஃப்லாடாக்சின் என்று பெயர். ஈரலை பாதிக்கக்கூடியது. கண்ணுக்கு தெரியாது, வறுத்தாலும் முழுசாக போகாது. வெளிநாட்டுக்கு போகும் கடலை சரக்கு இதனால்தான் திருப்பி அனுப்பப்படுகிறது. நுண்ணுயிரியல் மாணவர் பரீட்சையில் இந்த பூஞ்சையின் படம் வரைந்து மார்க் வாங்குவார். ஆனால் கமிஷன் கடையில் இறங்கும் 50 மூட்டையில் எந்த மூட்டையில், எத்தனை இடத்தில், எவ்வளவு மாதிரி எடுக்க வேண்டும் என்று கேட்டால் முழிப்பார். ஏனென்றால் அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மேலாக ஒரு கைப்பிடி எடுத்து சோதித்து என்ன பிரயோஜனம்? அடியில் இருக்கும் 4 கெட்ட பருப்பு மொத்த சரக்கையும் கெடுத்துவிடும்.

உணவு பாதுகாப்பு ஆணையம் நடத்தும் 'போஸ்டாக்' என்ற குறுகிய கால பயிற்சி இருக்கிறது. 25 பேர் உணவை கையாளும் இடத்தில் இந்த பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் கணக்கு. கல்லூரிகள் கூப்பிட்டால் வந்து நடத்தும் பயிற்சி நிறுவனங்கள் உண்டு.

மருந்துக்கடையில் தலைகீழ் கதை

இதை விட வேடிக்கை பூச்சிமருந்து கடையில் நடக்கிறது.

2015-ல் பூச்சிமருந்து விதிகளை மத்திய அரசு திருத்தியது. அதன்படி பூச்சிமருந்து விற்பனை லைசென்ஸ் வாங்க வேளாண்மை பட்டமோ, உயிர் வேதியியல், உயிரி தொழில்நுட்பம் போன்ற பட்டமோ, வேதியியல் அல்லது தாவரவியல் அல்லது விலங்கியல் பாடத்தோடு கூடிய அறிவியல் பட்டமோ வேண்டும். நம்ம ஊர் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் முடித்தவர் நாளைக்கே விண்ணப்பம் போடலாம்.

பட்டம் இல்லாமல் காலங்காலமாக கடை நடத்தும் வியாபாரிகள் என்ன செய்வது? அவர்களுக்கு தனியாக பயிற்சி வைத்தார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-ல் தொடங்கிய 'டேசி' டிப்ளமோ அதில் ஒன்று. வாரத்துக்கு ஒரு நாள் வீதம் 48 வாரம். பெரும்பகுதி வகுப்பு, கொஞ்சம் வயல். எந்த பூச்சிக்கு எந்த மருந்து, எவ்வளவு அளவு, அடித்தபின் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று வியாபாரி கற்றுக்கொள்கிறார்.

ஆக, பட்டம் இல்லாத கடைக்காரருக்கு 48 வாரம் பயிற்சி. பட்டம் உள்ள மாணவிக்கு பயிற்சியே கிடையாது, நேரா லைசென்ஸ்!

2018-ல் அமெரிக்க படைப்புழு இந்தியாவுக்குள் வந்து தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் தாக்கியபோது கரிசல் காட்டு விவசாயி எங்கே ஓடினார்? வேளாண்மை அலுவலகத்துக்கு போனவர்களை விட மருந்துக்கடைக்கு ஓடியவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். கவுண்ட்டரில் நிற்பவர் சொன்ன மருந்தை வாங்கி அடித்தார்கள். குருத்துக்குள் புழு இருக்கும்போது மேலாக அடித்தால் மருந்தும் வீண், கூலியும் வீண். விலங்கியல் படித்த ஒருவர் அந்த கவுண்ட்டரில் இருந்து, புழுவின் தலையில் உள்ள ஆங்கில 'ஒய்' எழுத்தை தலைகீழாக போட்ட மாதிரி அடையாளத்தை பார்த்து கண்டுபிடித்து, அது எந்த பருவத்தில் இருக்கிறது என்று பார்த்து மருந்து சொன்னால் ஒரு ஏக்கருக்கு எவ்வளவு மிச்சம்?

அந்த வயல் பாடம் நடத்த ஆள் இல்லாமலும் இல்லை. கோவில்பட்டியிலேயே 1901-ம் ஆண்டில் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மை பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. கரிசல் மண்ணுக்கு ஏற்ற பருத்தி, சோள ரகங்களை கொடுத்த நிலையம். மானாவாரி சாகுபடியில் நாடு முழுக்க பெயர் வாங்கியது. தாவரவியல் மாணவர்கள் ஒரு தடவை டூர் மாதிரி போய் போட்டோ எடுத்துவிட்டு வருவது உண்டு. புரட்டாசியில் விதைப்பில் இருந்து தையில் அறுப்பு வரை ஒரு பட்டம் முழுக்க வாரம் ஒரு நாள் அங்கே போய் நின்றால் அதற்கு பெயர்தான் பயிற்சி.

மருந்து கலக்கும் அறை

பட்டாசு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. கழுகுமலை, எட்டயபுரம் பக்கமும் பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்ததை யாரும் மறக்கவில்லை. பெரும்பாலான விபத்துக்கு காரணம் என்று விசாரணையில் வருவது உராய்வு, அளவுக்கு மீறி வைத்த மருந்து, சேரக்கூடாத ரசாயனம் சேர்ந்தது. குளோரேட்டும் சிவப்பு பாஸ்பரசும் காய்ந்த நிலையில் ஒன்றாக சேர்ந்தால் லேசாக தேய்த்தாலே போதும். இதையும் பாடத்தில் படிக்கிறார்கள். கலக்கும் அறையில் நிற்பவர் படித்தவர் இல்லை, படித்தவர் கலக்கும் அறை பக்கம் போனதில்லை.

2018-ம் ஆண்டு அக்டோபர் 23-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கு தடை போட்டு, பசுமை பட்டாசுக்கு அனுமதி கொடுத்தது. அதற்கு பிறகு மூலப்பொருளில் என்ன இருக்கிறது என்று சோதிப்பது கட்டாயம் மாதிரி ஆகிவிட்டது. மத்திய அரசின் நீரி ஆராய்ச்சி நிறுவனம் சிவகாசியில் மூலப்பொருள் பரிசோதனை வசதியை ஏற்படுத்தியது. ஆலை போர்மேன்களுக்கு சிவகாசியில் தொழிலக பாதுகாப்பு துறையின் பயிற்சி மையம் இருக்கிறது. கோவில்பட்டியில் இருந்து ஒரு பஸ் தூரம். வேதியியல் மாணவர்களை ஒரு வாரம் அங்கே அனுப்ப ஏற்பாடு செய்தால், போர்மேன் வேலை என்பது சொந்தக்காரருக்கு கொடுக்கும் வேலையாக இல்லாமல் படித்தவருக்கு கொடுக்கும் வேலையாக மாறலாம்.

தீப்பெட்டிக்கும் இதே கணக்குதான். 14 வருஷமாக 1 ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பர் 1-ந்தேதி முதல் 2 ரூபாய் ஆனது. மூலப்பொருள் விலை ஏறியதுதான் காரணம். விலை ஏறிய சரக்கில் தரம் குறைந்தால் குச்சி பற்றாது, பெட்டி திரும்பி வரும். கல்லூரி லேபில் பர்மாங்கனேட்டை சொட்டு சொட்டாக விட்டு நிறம் மாறுவதை பார்க்கிறார்களே, குளோரேட்டின் தூய்மையை அளப்பதும் அதே வகை சோதனைதான். அந்த பாட்டிலில் கல்லூரி கொடுக்கும் உப்புக்கு பதில் ஆபீசில் இருந்து வந்த உப்பை போட்டு ஒரு நாள் செய்ய வைத்தால் போதும். புது மெஷின் எதுவும் வேண்டாம்.

ஏன் நடக்கவில்லை?

கல்லூரிகளை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. ஒரு ஹாலில் ஒரு புரொஜெக்டர் வைத்தால் 60 பேருக்கு ஆங்கிலம் நடத்தலாம். லேப் பயிற்சிக்கு ரசாயனம் வேண்டும், கண்ணாடி சாமான் உடையும், ஒரு ஆசிரியர் 15 பேருக்கு மேல் கவனிக்க முடியாது. மாநிலம் முழுக்க ஒரே பட்டியலை போட்டு சென்னையில் இருந்து நடத்த சுலபமானது முதல் வகைதான்.

சாயங்காலம் நடத்தலாமே என்றால் பஸ் பிரச்சினை. 5 மணி பஸ்சை விட்டால் வீடு சேர இருட்டிவிடும் கிராமங்கள் உண்டு. பெண் பிள்ளைகளை பெற்றவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் பயிற்சி வகுப்பு நேரத்துக்குள்ளேயே வர வேண்டும், இல்லாவிட்டால் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஆகிவிடும்.

முதலாளிகள் பக்கமும் குறை இருக்கிறது. சட்டத்துக்கு ஒரு பட்டதாரி வேண்டும் என்றால், பலர் தேடுவது ஆளை அல்ல, அவருடைய சான்றிதழை. மெடிக்கல் ஷாப்புகளில் பார்மசி சான்றிதழை மாச வாடகைக்கு விடும் பழக்கம் பற்றி கேள்விப்படாதவர் இல்லை. பூச்சிமருந்துக்கும் உணவுக்கும் அதே வழி வந்தால், பிள்ளைக்கு மாசம் ஏதோ கொஞ்சம் பணம் வரும், பட்டம் கடைச் சுவரில் தொங்கும், தப்பு நடந்தால் கேஸ் பிள்ளை பேரில் வரும். பெற்றோர் இதற்கு தலையாட்டிவிடக்கூடாது. கை நிறைய தொழில் தெரிந்தவருக்கு சான்றிதழை வாடகைக்கு விட வேண்டிய அவசியமும் வராது.

தொழில் பழகுநர் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 2019-ல் திருத்திய விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் மொத்த ஆட்களில் இரண்டரை சதவீதத்தில் இருந்து 15 சதவீதம் வரை அப்ரண்டீஸ் எடுக்க வேண்டும். பட்டதாரிக்கு குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ரூ.9 ஆயிரம் என்று அப்போது நிர்ணயித்தார்கள். அதில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கும். அப்ரண்டீஸ் என்றாலே ஐ.டி.ஐ., டிப்ளமோ, என்ஜினீயரிங் என்றுதான் நம்ம பக்கம் நினைப்பு. பி.எஸ்சி. பட்டதாரிக்கும் இது உண்டு என்பது மில் ஆபீசிலேயே பல பேருக்கு தெரியாது. சின்ன தீப்பெட்டி ஆபீசுகளும், 4 பேரோ அதற்கு மேலோ இருந்தால், விருப்பப்பட்டு எடுக்கலாம்.

இரண்டாம் ஆண்டு மாணவர்கள் கவனத்துக்கு

கல்லூரி ஏற்பாடு செய்யும் வரை காத்திருக்க வேண்டாம் என்பவர்களுக்கு சில கதவுகள் திறந்தே இருக்கின்றன.

இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி பயிற்சிக்கு பி.எஸ்சி. மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் 2 மாதம் பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியோடு வேலை. உதவித்தொகையும் ரெயில் கட்டணமும் கொடுப்பார்கள். விண்ணப்பம் வருஷக் கடைசியில் வரும், கோடையில் தேடினால் கிடைக்காது.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்ப செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1953-ல் திறக்கப்பட்டது. பேட்டரி, துருப்பிடிப்பு, முலாம் பூசுதல் இவற்றில் பெயர் பெற்ற இடம். குறுகிய கால திறன் பயிற்சிகளும் நடத்துகிறது. தூத்துக்குடியில் வின்பாஸ்ட் மின்சார கார் ஆலை 2025 ஆகஸ்டு 4-ந்தேதி திறக்கப்பட்ட பிறகு பேட்டரி பற்றி பேசாத ஆள் இல்லை. பேட்டரிக்குள் இருப்பது வேதியியல் என்று வேதியியல் மாணவர்களே இன்னும் விழித்துக்கொள்ளவில்லை.

என்.பி.டி.இ.எல். என்ற ஐ.ஐ.டி. பாடங்களை போனில் இலவசமாக பார்க்கலாம். பரீட்சை எழுதத்தான் கட்டணம், ஒரு பாடத்துக்கு ரூ.1,000 என்று இருந்து வந்தது. புதுமைப்பெண் திட்டத்தில் மாணவிகளுக்கு அறிவித்ததும் மாதம் ரூ.1,000-தான். அந்த திட்டத்தின் விரிவாக்கத்தை 2024 டிசம்பர் 30-ந்தேதி நம்ம மாவட்டத்து தூத்துக்குடியில் வைத்துத்தான் தொடங்கினார்கள். 12 மாத பணத்தில் ஒரு மாத பணத்தை இதற்கு எடுத்து வைத்தால் வீட்டில் கோபிக்க மாட்டார்கள்.

கடைசியாக புராஜெக்ட் விஷயம். இறுதி ஆண்டில் எல்லோரும் ஒரு புராஜெக்ட் கொடுக்க வேண்டியிருக்கிறது. டவுனில் ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்தால் பைண்டிங்கோடு கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அந்த காசுக்கு கமிஷன் கடையில் 5 இடத்தில் கால் கால் கிலோ கடலை வாங்கலாம். லேப் தராசில் நிறுத்து, அடுப்பில் காய வைத்து, மறுபடி நிறுத்தினால் எந்த கடை கடலையில் ஈரப்பதம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மிட்டாய் கம்பெனிக்காரர் அந்த நோட்டை வாங்கிப் பார்க்காமல் விடமாட்டார்.